ஃபான் பிரவுனை எந்தக் கணக்கில் எழுதுவது? டோரா சுரங்கத்துக்குப் போய் வந்த பிறகு ஒரு கேள்வி

#1 சுரங்கவழி

வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

வேலை விஷயமாக ஜெர்மனியில் இருக்கிறேன். போன மாதம் நோர்ட்ஹவுசன் என்ற ஊருக்குப் போயிருந்தேன். ஹார்ட்ஸ் மலையடிவாரம். ஊருக்கு வெளியே கோன்ஸ்டைன் என்று ஒரு குன்று இருக்கிறது. அந்தக் குன்றைக் குடைந்த சுரங்கத்துக்குள்தான் இரண்டாம் உலகப்போரின் கடைசி ஒன்றரை வருடம், எதிரி நகரங்கள் மேல் ஏவும் வி-2 ராக்கெட்டுகளை ஜெர்மனி தயாரித்தது. தயாரித்தவர்கள் பெரும்பாலும் பக்கத்திலிருந்த டோரா வதைமுகாமின் கைதிகள்.

வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பழைய வாசல்களைப் போருக்குப் பிறகு சோவியத் படை வெடி வைத்து மூடிவிட்டது. இப்போது நாம் நுழைவது தொண்ணூறுகளில் புதிதாக வெட்டிய வழி. நடைபாலத்தின் கம்பிக்கு அந்தப் பக்கம் ராக்கெட் பாகங்கள் துருவேறிக் குவியலாகக் கிடக்கின்றன. கீழே தண்ணீர் தேங்கியிருக்கிறது, அதற்குள்ளும் இரும்பு தெரிகிறது. நான் மெக்கானிக்கல் படித்தவன். குவியலைப் பார்த்ததும் கண் தானாகவே எது எந்தப் பாகம் என்று தேட ஆரம்பித்துவிட்டது. அது எரிகலன், இது வால் பகுதி என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போகிறேன்.

வழிகாட்டி பேசிக்கொண்டிருந்தார். முதல் சில மாதங்கள் கைதிகளுக்குத் தங்க வெளியே கொட்டகைகூடக் கிடையாதாம். குறுக்குச் சுரங்கங்களிலேயே மரப் படுக்கைகளை அடுக்கிப் படுக்க வைத்திருக்கிறார்கள். வெடி வைக்கும் தூசி, குடிக்கத் தண்ணீர் கிடையாது, கழிப்பறை என்பது பாதியாக அறுத்த பீப்பாய். சூரியனை வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் உண்டு. அதை எல்லாம் காதில் வாங்கிக்கொண்டே என் கண் இன்னும் அந்த எரிகலனிலேயே இருந்தது. ராத்திரி விடுதிக்குத் திரும்பிய பிறகுதான் அது உறுத்தியது.

சின்ன வயதில் வெர்னர் ஃபான் பிரவுன்தான் என் ஹீரோ. வி-2வை வடிவமைத்த மூளையும் அவருடையது, 1969இல் மூன்று பேரை நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன்-5 ராக்கெட்டை வடிவமைத்த மூளையும் அவருடையது. இந்த மனிதரை எந்தக் கணக்கில் எழுதுவது? இங்கே விஷயம் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். சொல்லுங்கள்.

#2 நிலாச்சோறு

நல்ல பதிவு. ஆனால் இன்றைய சோபாவில் உட்கார்ந்துகொண்டு 1930களின் பெர்லினுக்குத் தீர்ப்பு எழுதுவது ரொம்பச் சுலபம் நண்பரே.

அவர் பிறந்தது 1912. ராணுவம் பணம் தருகிறேன் என்று 1932இல் வந்தபோது வயது இருபது. அதுவரை பெர்லினில் ஒரு காலி மைதானத்தில் நண்பர்களோடு சேர்ந்து, இரவல் சாமான்களை வைத்து ராக்கெட் விட்டுக்கொண்டிருந்த பையன். திரவ எரிபொருள் ராக்கெட்டுக்கு அவ்வளவு காசு தரக்கூடியவர்கள் அந்த நாட்டில் ராணுவத்தைத் தவிர வேறு யாரும் இல்லை. நாஜிக் கட்சியில் சேரச் சொன்னார்கள், சேர்ந்தார். வதைமுகாம்களை நடத்திய நாஜிப் படையான எஸ்.எஸ்.ஸில் சேர அதன் தலைவர் ஹிம்லரிடமிருந்தே அழைப்பு, மறுத்திருந்தால் வேலை போயிருக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1944 மார்ச்சில் ரகசியப் போலீசான கெஸ்டபோ அவரைக் கைது செய்ததையும் மறந்துவிட வேண்டாம். ஏன் கைது? போர் தோற்றுவிடும் என்று பேசினார், ஆயுதத்தைவிட விண்கலத்தில்தான் அக்கறை காட்டுகிறார் என்று. ஸ்டெட்டினில் இரண்டு வாரம் போல அடைத்து வைத்திருந்தார்கள். மேலதிகாரி டோர்ன்பெர்கரும் அமைச்சர் ஸ்பீரும் தலையிட்டு வெளியே எடுத்தார்கள்.

முகாமை நடத்தியது எஸ்.எஸ். சுரங்கக் கட்டுமானப் பொறுப்பு ஜெனரல் காம்லருடையது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

#3 குறுக்கே ஒருவன்

எஸ்.எஸ்.ஸில் மேஜருக்குச் சமமான பதவி வைத்திருந்த அம்பை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். 😀

#4 ஆவணப்புழு

நிலாச்சோறு சொன்னதில் கைது உண்மை, இருபது வயது உண்மை. மற்றதில் சில திருத்தம் தேவை.

கட்சியில் 1939இல் கட்டாயத்தால் சேர்ந்ததாகப் போருக்குப் பிறகு அமெரிக்கர்களிடம் எழுதிக் கொடுத்தார். கட்சிப் பதிவேட்டில் இருப்பது 1937. எஸ்.எஸ்.ஸில் சேர்ந்தது 1940 மே மாதம், மேஜர் நிலைக்கு உயர்ந்தது 1943 ஜூன். இரண்டு வருட வித்தியாசம் பெரிய குற்றமா என்று கேட்கலாம். தேதியை மாற்றிச் சொல்லத் தோன்றியதுதான் எனக்கு விஷயம்.

அடுத்தது, கைதிகளை வைத்து வேலை வாங்கும் யோசனை. எல்லோரும் இதை எஸ்.எஸ். மேலிருந்து திணித்தது என்றே நினைக்கிறார்கள். 1943 ஏப்ரலில் ஆர்தர் ருடால்ஃப் என்ற, பீனமுண்டே ராக்கெட் ஆய்வு மையத்து எஞ்சினியர் ஓரானியன்பர்கில் இருந்த ஹைன்கெல் விமானத் தொழிற்சாலைக்குப் போய்ப் பார்க்கிறார். அங்கே முகாம் கைதிகள் வேலை செய்கிறார்கள். திரும்பி வந்து, இந்த முறை நமக்கும் சரிப்படும் என்று அறிக்கை எழுதுகிறார். கேட்டது எஞ்சினியர்கள். அந்த ஜூனிலேயே பீனமுண்டேயில் கைதிகள் வந்து இறங்கிவிட்டார்கள். ஆகஸ்ட் 17 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் பீனமுண்டேயைத் தாக்கிய பிறகுதான் உற்பத்தி நோர்ட்ஹவுசன் சுரங்கத்துக்கு மாறியது. அந்த மாதக் கடைசியிலேயே முதல் கைதிகள் வந்துவிட்டார்கள்.

இனி முக்கியமானது. 1944 ஆகஸ்ட் 15 தேதியிட்ட ஒரு கடிதம் இருக்கிறது. ஃபான் பிரவுன் எழுதியது, சுரங்கத் தொழிற்சாலையின் உற்பத்திப் பொறுப்பாளர் ஸவாட்ஸ்கிக்கு. சாரம் இது: போனமுறை நான் அங்கே வந்திருந்தபோது கைதிகளில் தொழில்நுட்பம் படித்தவர்களைப் பயன்படுத்தலாம் என்று சொன்னீர்களே, அதற்காக நானே புக்கன்வால்டு முகாமுக்குப் போய்த் தகுதியானவர்களைப் பார்த்து வந்தேன், அவர்களை உங்களிடம் மாற்றுவதற்கு முகாம் தளபதியோடு பேசி ஏற்பாடு செய்துவிட்டேன்.

புக்கன்வால்டுக்கு அவரே போயிருக்கிறார். யாரும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை.

#5 நிலாச்சோறு

கடிதத்தை நானும் படித்திருக்கிறேன் புழு. அதே கடிதத்தின் மறுபாதியை விட்டுவிட்டீர்களே? சார்ல் சத்ரோன் என்ற பிரெஞ்சு இயற்பியல் பேராசிரியர் கைதியாக இருக்கிறார். அவருக்கு ஆய்வக வேலை கொடுக்கலாமா, கைதி உடைக்குப் பதிலாகச் சாதாரண உடை கொடுக்கலாமா என்று அதே கடிதத்தில் ஃபான் பிரவுன் கேட்கிறார். சத்ரோன் உயிர் பிழைத்துத் திரும்பி, என்னிடம் கிட்டத்தட்டப் பெருந்தன்மையாக நடந்துகொண்டவர் அங்கே அவர் ஒருவர்தான் என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். கைதியே சாட்சி சொன்ன பிறகு நாம் என்ன சொல்ல?

#6 ஆவணப்புழு

விடவில்லை, நீங்கள் எடுப்பீர்கள் என்று தெரியும். "கிட்டத்தட்ட" என்ற சொல்லை விடாமல் எடுத்ததற்கு நன்றி. சத்ரோன் அந்தச் சொல்லை யோசிக்காமல் போட்டிருக்கமாட்டார். ஃபான் பிரவுன் கொடுக்க வந்த வேலையை அவர் ஏற்கவும் இல்லை.

எனக்கு அந்தக் கடிதம் முழுசாகத்தான் பயம் கொடுக்கிறது. ஒரு பேராசிரியரை மனிதராகப் பார்க்கத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் மற்றவர்களைப் பார்க்கத் தெரியாமல் இல்லை.

#7 பழைய ஃபோர்மேன்

தம்பிகளா, எனக்கு ஜெர்மன் சரித்திரம் தெரியாது. முப்பத்து நாலு வருடம் ஷாப் ஃப்ளோரில் நின்றவன். அதை வைத்து ஒன்று சொல்கிறேன்.

புழு சொன்ன கடிதத்தைப் படித்தவுடன் எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? இண்டென்ட். ஆள் கேட்டு எழுதும் இண்டென்ட். இத்தனை பேர், இன்ன வேலை தெரிந்தவர்கள், இன்ன தேதிக்குள் வேண்டும். கொடுமைக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிற கடிதமாக அது தெரியவில்லை. டெலிவரி தேதி தலைக்கு மேல் தொங்குகிறவன் எழுதுகிற கடிதம். நானும் அப்படி எழுதியிருக்கிறேன்.

எண்பதுகளில் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு முலாம் பிரிவு இருந்தது. பெயர் வேண்டாம். குரோமியம் தொட்டி, அமிலத் தொட்டி, மேலே தகரக் கூரை. வேலை செய்தவர்கள் எல்லாம் கான்டிராக்ட் பையன்கள். விரல் இடுக்கெல்லாம் புண். சிலருக்கு மூக்குத் தண்டிலேயே ஓட்டை விழுந்திருக்கும். மாதம் இரண்டு தடவை நான் அங்கே போகவேண்டும், பீஸ் தரம் பார்க்க. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு போவேன். பீஸைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன், பளபளப்பு சரியாக இருக்கிறதா என்று. அதை நீட்டுகிற கையைப் பார்த்ததில்லை. பார்க்காமல் இருந்தேன் என்று சொல்லமுடியாது, பார்வை அங்கே நிற்காது. ஒரு தடவை கான்டிராக்டரிடம் மைக்ரோமீட்டர் படிக்கத் தெரிந்த பையன்களாக நாலு பேர் கொடு என்று எழுதிக் கேட்டேன். கொடுத்தார். நல்ல பையன்கள். ஒருவனுக்கு டீ வாங்கிக் கொடுப்பேன், என் ஊர்ப்பக்கம்.

அதையும் இதையும் ஒன்று என்று சொல்லவில்லை. அங்கே செத்தார்கள், தூக்கில் போட்டார்கள். ஆனால் "அவருக்குத் தெரியாது" என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்லவேண்டாம். ஃப்ளோருக்குப் போனவனுக்குத் தெரியும். மூக்குக்கே தெரிந்துவிடும்.

#8 அலபாமா அண்ணாச்சி

ஃபோர்மேன் ஐயாவுக்கு ஒரு வணக்கம். இழையைப் படித்துக்கொண்டே வந்தவன் அந்தப் பதிவில் நின்றுவிட்டேன்.

நான் இருப்பது ஹன்ட்ஸ்வில். எங்கள் ஊரில் நாடகம், ஐஸ் ஹாக்கி, கச்சேரி எல்லாம் நடக்கும் பெரிய அரங்கத்துக்குப் பெயரே ஃபான் பிரவுன் மையம். 1950இல் அவரும் கூட்டாளிகளும் இங்கே வந்து இறங்கியபோது பதினாறாயிரம் பேர் இருந்த பருத்தி ஊர். இன்றைக்கு இருக்கும் எல்லாமே ராக்கெட் போட்ட சோறு, நான் தின்கிற சோறு உட்பட. 1969 ஜூலையில் அப்போலோ-11 பத்திரமாகத் திரும்பிய நாளில் இந்த ஊர்க்காரர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு கோர்ட்டுச் சதுக்கத்தில் சுற்றியிருக்கிறார்கள். படம் இருக்கிறது.

ராக்கெட் மையத்தில் ஒரு நிஜ சாட்டர்ன்-5ஐப் படுக்கப் போட்டு வைத்திருக்கிறார்கள், 110 மீட்டர் நீளம். ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு போவேன். அடியில் நின்று அந்த ஐந்து எஞ்சின் வாயையும் பார்த்தால் நெஞ்சு கொஞ்சம் அடைக்கும். அம்மாவை அழைத்துப் போனபோது தேர்ச்சக்கரத்தைத் தொடுகிற மாதிரி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

ஒன்று நியாயமாகச் சொல்லவேண்டும். அறுபதுகளில் அலபாமா ஆளுநர் வாலஸ் கறுப்பினத்தவரைப் பிரித்து வைப்பதற்கு வரிந்து கட்டிக்கொண்டு நின்ற காலத்தில், இந்தப் பிரிவினை ஒழியாவிட்டால் மாநிலம் உருப்படாது என்று ஃபான் பிரவுன் வெளிப்படையாகப் பேசினார். அது நாசாவின் கொள்கையும்தான், அவருக்கும் ஆள் தேவைப்பட்டது. இருந்தாலும் பேசினார். அந்த ஊரில் அன்றைக்கு அது சும்மா இல்லை.

#9 குறுக்கே ஒருவன்

ஆக வாய் இருந்திருக்கிறது.

#10 சுரங்கவழி

குறுக்கே ஒருவன் கேலியாகச் சொன்னாரோ என்னவோ, நான் இரண்டு நாளாகச் சுற்றிக்கொண்டிருந்த இடம் அதுதான்.

1945 மே 2ஆம் தேதி ஆல்ப்ஸ் மலையில் அமெரிக்கப் படையிடம் சரணடைகிறார். தம்பி மாக்னஸ் சைக்கிளில் முன்னால் போய் அமெரிக்கச் சிப்பாயைக் கண்டு பேசுகிறார். இவர் கையில் மாவுக்கட்டோடு பின்னால் வருகிறார். 1977 ஜூன் 16 அன்று வர்ஜீனியாவில் புற்றுநோயால் இறக்கிறார். இடையில் 32 வருடம். போர்க்காலத்தில் அவர் செய்ததற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். ஹிம்லர், கெஸ்டபோ, மறுத்தால் முகாம். சரி. இந்த 32 வருடத்தில் அவர் தலைக்கு மேல் எந்தத் துப்பாக்கியும் இல்லை. நாடே கொண்டாடியது. தொலைக்காட்சியில் குழந்தைகளுக்கு விண்வெளி நிலையம் வரைந்து காட்டினார், பத்திரிகைகளில் எழுதினார், ஊர் ஊராகப் பேசினார். அவ்வளவு பேச்சில் டோரா எங்கே?

கேட்டால் சொல்லியிருக்கிறார், நிலைமை பயங்கரமாக இருந்தது, அது எஸ்.எஸ். பொறுப்பு என்று. கேட்காமல், தானாக, புக்கன்வால்டுக்குப் போனேன் என்று ஒருமுறைகூட இல்லை. அந்தக் கடிதம் வெளியில் தெரிந்ததே அவர் போய்ச் சேர்ந்த பிறகு.

எனக்கு 1944ஐவிட இந்த 32 வருடம்தான் ஜீரணமாகவில்லை.

#11 அலபாமா அண்ணாச்சி

அதில் அவர் மட்டும் வாய் மூடவில்லையே. நோர்ட்ஹவுசனுக்கு அமெரிக்கப் படை போய்ச் சேர்ந்தது 1945 ஏப்ரல் 11. ஊருக்குள் இருந்த கிளை முகாமில் ஆயிரக்கணக்கில் பிணங்கள். படம் எடுத்தார்கள், ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுக் குழி வெட்டிப் புதைக்க வைத்தார்கள். அதே வாரங்களில் அதே ராணுவத்தின் இன்னொரு பிரிவு சுரங்கத்துக்குள் போய், சுமார் 100 ராக்கெட்டுக்கான பாகங்களை ரயிலில் ஏற்றியது. அந்தப் பகுதி ஜூலையில் சோவியத் கைக்குப் போகப்போகிறது, அதற்குள் அள்ளிவிட வேண்டும் என்று அவசரம். அவை கப்பலேறி நியூ மெக்சிகோ பாலைவனத்துக்கு வந்தன, பின்னாலேயே எஞ்சினியர்களும். கோப்பில் அவரைப் பற்றிப் பாதுகாப்புக்கு ஆபத்தாகலாம் என்று எழுதியிருந்ததை மாற்றி எழுதிக் குடியுரிமைக்கு வழி செய்ததும் இவர்கள்தான். பேசாதே என்பது அரசாங்கத்துக்கும் வசதியாக இருந்தது. பேசியிருந்தால் வேலை போயிருக்கும்.

#12 சுரங்கவழி

வேலை போயிருக்கும். உயிர் போயிருக்காது. அவ்வளவுதான் அண்ணாச்சி நான் சொல்வது.

#13 மாஸ்கோ வானொலி நேயர்

இங்கே யாரும் கரோலியோவ் பெயரை எடுக்காதது ஆச்சரியம். அந்தப் பக்கத்தில் ஸ்புட்னிக் விட்டவர், ககாரினை அனுப்பியவர். அவரே கைதியாக இருந்தவர் தெரியுமா? 1938இல் ஸ்டாலின் காலத்துக் கைது, கோலிமா தங்கச் சுரங்கம், பல் எல்லாம் கொட்டிப்போனது, அப்புறம் கைதி எஞ்சினியர்களை வைத்து நடத்திய வடிவமைப்பு அலுவலகம். வெளியே விட்டது 1944இல்தான். அடுத்த வருடமே அதே நோர்ட்ஹவுசன் பக்கம் போய் ஜெர்மன் ராக்கெட்டைப் பிரித்துப் படிக்கிறார்.

ஆக, ஒரே ராக்கெட். ஒருவர் கைதிகளை வைத்து வேலை வாங்கியவர், இன்னொருவர் கைதியாக வேலை செய்தவர். அவருடைய பெயரைக்கூட 1966இல் சாகும்வரை அரசாங்கம் வெளியே சொல்லவில்லை. உலகம் கொண்டாடியது எவரை?

#14 நிலாச்சோறு

அதே சோவியத் 1946 அக்டோபரில் ஒரே ராத்திரியில் ஜெர்மன் நிபுணர்களைக் குடும்பத்தோடு ரயிலில் ஏற்றிக்கொண்டு போனதையும் சொல்லுங்கள் நேயரே. இதில் யார் கையும் சுத்தமில்லை.

#15 சாக்பீஸ்

பிளஸ் டூ பிசிக்ஸ் டீச்சர் நான். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ராக்கெட் பாடம் வரும்போது ஃபான் பிரவுன் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். இந்த வருடமும் சொல்லியாகிவிட்டது. ஒரு சந்தேகம்: டோராவில் இருபதாயிரம் பேர் செத்தார்கள் என்று போடுகிறார்களே, எல்லாம் வி-2 செய்ததாலா? வகுப்பில் சொல்வதென்றால் சரியாகச் சொல்லவேண்டும். இன்னொன்று, ராக்கெட் விழுந்து எத்தனை பேர்?

#16 ஆவணப்புழு

நல்ல கேள்வி டீச்சர். இந்த எண்ணை எல்லோரும் குழப்புகிறார்கள், நானே ஒருகாலத்தில் குழப்பினேன்.

டோராவும் அதைச் சுற்றியிருந்த கிளை முகாம்களும் சேர்ந்து சுமார் 60,000 கைதிகள். இறந்தவர்கள் ஏறக்குறைய 20,000. இதில் ராக்கெட்டோடு நேரடித் தொடர்பில்லாத வேறு சுரங்கக் கட்டுமானங்களில் செத்தவர்களும், கடைசி வாரங்களில் ரயிலிலும் நடையாகவும் துரத்திக்கொண்டு போனபோது செத்தவர்களும் அடக்கம். வி-2 கணக்கில் மட்டும் எழுதக்கூடியது ஏறக்குறைய பாதி என்று வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். முதல் குளிர்காலத்தில், 1943 கடைசியிலிருந்து 1944 மார்ச் வரை, ஏறக்குறைய 3,000 பேர் இறந்தார்கள். அதுபோக, வேலைக்கு ஆகாதவர்கள் என்று மேலும் 3,000 பேரை வேறு முகாம்களுக்கு அனுப்பினார்கள். அனுப்பினார்கள் என்றால் என்னவென்று தெரியும். அந்தக் குளிர்காலத்தில் ஃபான் பிரவுன் சுரங்கத்துக்குப் போயிருக்கிறார், அவரே ஒப்புக்கொண்டது.

1945 மார்ச்சில் நாசவேலை செய்தார்கள் என்று கைதிகளைக் கூட்டம் கூட்டமாகச் சுரங்கத்துக்குள்ளேயே பாரம் தூக்கும் கிரேனில் தொங்கவிட்டார்கள். ராக்கெட்டைத் தூக்குவதற்கு வைத்திருந்த கிரேன். மற்றவர்கள் அந்தக் கால்களுக்குக் கீழே நடந்து வேலைக்குப் போகவேண்டும். பெரும்பாலும் சோவியத் கைதிகள். ஃபான் பிரவுன் அதைப் பார்த்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை, அதை அவர் தலையில் கட்டவேண்டாம்.

விழுந்த பக்கம்: லண்டனில் முதலாவது 1944 செப்டம்பர் 8 மாலை, சிஸ்விக் பகுதியில் ஒரு குடியிருப்புத் தெரு. மூன்று பேர். ஒரு மூன்று வயதுக் குழந்தை, ஒரு வயதான அம்மா, விடுப்பில் வந்திருந்த ஒரு சிப்பாய். ஒலியைவிட வேகமாக வருவதால் முதலில் வெடிக்கும், அப்புறம்தான் வருகிற சத்தம் கேட்கும். உங்கள் மாணவர்களுக்கு அந்த பிசிக்ஸ் புரியும் டீச்சர். நவம்பர் 25, சனிக்கிழமை மதியம், நியூ கிராஸில் ஒரு கடை, 168 பேர். டிசம்பர் 16, ஆன்ட்வெர்ப்பில் ஒரு சினிமா தியேட்டர், 567 பேர். பிரிட்டனில் மொத்தம் சுமார் 2,700. பெல்ஜியத்தையும் சேர்த்தால் ஐயாயிரம் அளவுக்கு வரும்.

கணக்கைப் பார்த்தீர்களா? அது விழுந்து செத்தவர்களைவிட அதைச் செய்யும்போது செத்தவர்கள் அதிகம். இப்படி ஒரு ஆயுதம் வேறு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

#17 வெட்டிப்பேச்சு வேலு

அப்போ அப்துல் கலாமும் ஏவுகணை செய்தவர்தானே? அவரையும் இந்த இழையில் நிறுத்துவீர்களா?

#18 மட்டுறுத்துநர்

வேலு, இது திசைதிருப்பல். இழையைப் பூட்ட வைக்காதீர்கள்.

#19 அலபாமா அண்ணாச்சி

மட்டுறுத்துநர் மன்னிக்கவும், ஒரே ஒரு வரி. கலாம் வதைமுகாமில் ஆள் பொறுக்கவில்லை, ஒப்பிட அங்கே எதுவும் இல்லை. ஆனால் நிஜத் தொடர்பு ஒன்று இருக்கிறது. ஃபான் பிரவுன் இந்தியா வந்தபோது சென்னையில் வரவேற்று, ஆவ்ரோ விமானத்தில் தும்பாவுக்குக் கூட்டிக்கொண்டு போனவர் கலாம். தன் வாழ்க்கை வரலாற்றில் மரியாதையோடு எழுதியிருக்கிறார். அந்தத் தலைமுறை ராக்கெட்காரர்கள் எல்லோருக்குமே அவர் அப்படித்தான் தெரிந்தார். டோரா ஆவணங்கள் எல்லாம் வெளியே வந்து பேச்சானது எண்பதுகளில்.

#20 சாக்பீஸ்

எண்பதுகளில் என்ன நடந்தது?

#21 ஆவணப்புழு

நான் மேலே சொன்ன ஆர்தர் ருடால்ஃப். கைதிகளைக் கேட்டு அறிக்கை எழுதியவர், சுரங்கத்தில் உற்பத்தி நிர்வாகி. அமெரிக்காவில் சாட்டர்ன்-5 திட்டத்துக்கே மேலாளர் ஆனார். நாஜிக் குற்றங்களை விசாரிக்கும் அமெரிக்க நீதித்துறைப் பிரிவு அவரை விசாரிக்க ஆரம்பித்தது. வழக்கு வேண்டாம் என்று ஒப்பந்தம் போட்டு, 1984இல் குடியுரிமையை விட்டுவிட்டு ஜெர்மனிக்குப் போய்விட்டார். அங்கே விசாரித்தவர்கள் வழக்குப் போட ஆதாரம் போதாது என்று 1987இல் முடித்தார்கள். 1996இல் ஹாம்பர்கில் இறந்தார்.

ஃபான் பிரவுன் 1977லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்திருந்தால் அவரையும் கேட்டிருப்பார்களா என்று ஆளாளுக்கு ஊகிக்கிறார்கள். சாட்சியாக மட்டும் ஒருமுறை கேட்டார்கள். ஜெர்மனியில் எஸ்ஸன் நகரில் டோரா எஸ்.எஸ்.காரர்கள் மேல் நடந்த வழக்கு. 1969 தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸில் வாக்குமூலம் கொடுத்தார். அப்போலோ-11க்குச் சில மாதம் முன்னால். தொழிற்சாலைக்குப் பல தடவை போயிருக்கிறேன், முகாமுக்குள் போனதில்லை, தூக்கில் போட்டதைப் பார்க்கவில்லை என்றார். புக்கன்வால்டு பற்றிப் பேச்சே இல்லை.

#22 நிலாச்சோறு

நேற்று முழுக்க எதுவும் எழுதவில்லை. சுரங்கவழி கேட்ட அந்த 32 வருடத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். அம்பு பழமொழியையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், ஆள் கேட்டு எழுதின அம்பு கிடையாது.

ஆனாலும் சாட்டர்ன்-5 மேல் இருக்கிற பிரியம் எனக்குப் போகவில்லை. அதில் லட்சக்கணக்கான பேர் வேலை செய்திருக்கிறார்கள். 13 தடவை ஏவி ஒரு விண்வெளி வீரரையும் பலி கொடுக்காத ராக்கெட். அதை நேசிக்க நான் வெட்கப்படவேண்டுமா? பெயரை மாற்றிவிட்டால் சரியாகிவிடுமா? ஜெர்மனியில் ஃப்ரீட்பர்க் ஊரில் அவர் பெயரிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு 2014இல் பெயரை எடுத்துவிட்டார்கள். உங்கள் ஊரில் எடுப்பார்களா அண்ணாச்சி?

#23 அலபாமா அண்ணாச்சி

எடுக்கமாட்டார்கள். ஊரே அவர் பெயரில் சாப்பிடுகிறது. எடுக்கவேண்டும் என்றுகூட நான் கேட்கமாட்டேன், அந்தச் சண்டையில் எனக்கு நம்பிக்கை இல்லை. பக்கத்தில் ஒரு பலகை வைக்கட்டும். இந்த எஞ்சினுக்கு முன்னால் ஒரு எஞ்சின் இருந்தது, அதைச் செய்தவர்கள் இவர்கள் என்று. பிரெஞ்சுக்காரர், ரஷ்யர், போலந்துக்காரர், இத்தாலியர் எல்லோரும் உண்டு.

#24 பழைய ஃபோர்மேன்

நிலாச்சோறு தம்பி, வெட்கப்படவேண்டாம். நல்ல பீஸ் நல்ல பீஸ்தான். நானும் அந்தக் குரோம் பீஸ்களில் ஒன்றை இன்னும் வீட்டில் வைத்திருக்கிறேன், பேப்பர் வெயிட்டாக. நாற்பது வருடமாகியும் பளபளப்பு போகவில்லை. பேரன் கேட்டான், தாத்தா இது நீ செய்ததா என்று. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இந்த இழையைப் படித்த பிறகு அவனைக் கூப்பிட்டு, இல்லடா, நான் பார்த்து பாஸ் பண்ணினது, செய்தவன் வேற என்று சொன்னேன். பெயர் கேட்டான். என் ஊர்ப்பக்கத்துப் பையன் பெயர் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. மற்ற மூன்று பேர் பெயர் வரவே இல்லை. இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

#25 சாக்பீஸ்

ஃபோர்மேன் ஐயா... 🙏

சுரங்கவழி சார், டிசம்பர் விடுமுறையில் தம்பி வீட்டுக்கு ஃபிராங்க்ஃபர்ட் வருகிறேன். அந்த இடத்துக்குப் போகலாம் என்று இருக்கிறேன். எப்படிப் போவது, டிக்கெட் எவ்வளவு?

#26 சுரங்கவழி

தாராளமாகப் போங்கள் டீச்சர். நோர்ட்ஹவுசன் வரை ரயில், அங்கிருந்து உள்ளூர் டிராம். நினைவிடம் நிறுத்தத்திலிருந்து நடக்கிற தூரம்தான். டிக்கெட் கிடையாது, இலவசம். திங்கட்கிழமை மூடியிருக்கும். சுரங்கத்துக்கு வழிகாட்டியோடு மட்டும்தான், நேரத்தை முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே வெயில் காலத்திலேயே எட்டு டிகிரிதான், ஸ்வெட்டரை மறக்கவேண்டாம். தரை ஈரம், நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள். கைதிகள் மரக்கட்டைச் செருப்போடு நடந்த தரை அது.